குரங்குக்கும் நமக்கும் ஒரே மண்

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. ஹாங்காங் நகரின் நடுவே இருக்கும் விலங்கியல், தாவரவியல் பூங்காவில் 8 குரங்குகள் இறந்துகிடந்தன. அடுத்த சில நாள்களில் அந்த எண்ணிக்கை 12 ஆனது. விஷம் வைத்தார்களா, உணவில் கோளாறா, புதிய தொற்றுநோயா என்று நகரமே பேசியது. பரிசோதனை முடிவு வேறொன்றைச் சொன்னது. கூண்டுகளுக்கு அருகில் ஏதோ வேலைக்காக மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா, பணியாளர்களின் காலணியோடு கூண்டுக்குள் போயிருக்கலாம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள்.

நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அந்தக் கிருமி சிங்கப்பூர் மண்ணிலும் இருக்கிறது என்பதாலும், நம் சமூகத்துக்கு அது கொஞ்சம் கூடுதல் ஆபத்தானது என்பதாலும் இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன். அதன் கதையில் ஒரு கிருஷ்ணசாமியும் வருகிறார்.

ரங்கூனில் ஒரு கிருஷ்ணசாமி

1911ஆம் ஆண்டு. அப்போதைய ரங்கூன், பாதிக்கு மேல் இந்தியர்கள் வாழ்ந்த நகரம். அங்குள்ள பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் நோயியல் வல்லுநராக இருந்தார். அவருடன் பணியாற்றியவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்து மரணத்தின் காரணத்தைக் கண்டறிவது இருவரின் வேலை.

அவர்கள் மேசைக்கு வந்த சில உடல்களில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகள். இறந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு அடிமையாகி உடல் நலிந்தவர்கள். முதலில் அது கிளாண்டர்ஸ் நோய் போலத் தோன்றியது. கிளாண்டர்ஸ் என்பது குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றைத் தாக்கும் கொடிய பாக்டீரியா நோய். குதிரைக்காரர்களுக்கும் தொற்றும். ஆனால் இந்த நோயாளிகளுக்கும் குதிரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது கிருமியின் நடத்தையும் மாறியிருந்தது. கிளாண்டர்ஸ் கிருமி நகராது. இது துடிப்பாக நீந்தியது, வேகமாகவும் பெருகியது.

இது புதிய நோய் என்று 1912இல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். அதன்பின் உலகம் அதை ‘விட்மோர் நோய்’ என்று அழைத்தது. கட்டுரையில் இருந்த இரண்டு பெயர்களில் ஒன்று மட்டும் நோயோடு ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமி தொடர்ந்து அந்த நோயை ஆராய்ந்து எழுதினார். இன்று மருத்துவ வரலாற்றைப் புரட்டுபவர்களுக்குத்தான் அவரைத் தெரியும்.

பழி சுமந்த எலி

அடுத்த திருப்பம் நமக்கு இன்னும் பக்கத்தில், கோலாலம்பூரில் நடந்தது. அங்குள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1913இல் ஆய்வுக்காகக் கூண்டில் வளர்த்த கினிப்பன்றிகளும் முயல்களும் வரிசையாக இறந்தன. ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்ற இரு மருத்துவர்கள் காரணத்தைத் தேடினார்கள். ரங்கூனில் கண்ட அதே கிருமி!

1921இல் அவர்கள்தான் மெலியோய்டோசிஸ் என்ற பெயரைச் சூட்டினார்கள். கிரேக்க மொழியில் ‘மெலிஸ்’ என்பது கழுதைக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் சொல். அதைப் போன்ற நோய் என்பது பெயரின் பொருள். ஆக, மனிதர்களைக் கொல்லும் இந்த நோய் ஒரு விலங்கு நோயின் சாயலில் பெயர் பெற்றது.

கிருமி எங்கிருந்து வருகிறது? இருவரும் எலியைச் சந்தேகித்தார்கள். எலியின் கழிவு உணவில் கலந்து நோய் பரவுகிறது என்பது அன்றைய கருத்து. பல ஆண்டுகள் எலிதான் குற்றவாளி. வியட்நாமில் பணியாற்றிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1930களில் குளத்து நீரிலும், 1950களில் சேற்றிலும் அந்தக் கிருமியைக் கண்டெடுத்த பிறகுதான் உண்மை விளங்கியது. அது மண்ணிலும் தேங்கிய நீரிலும் தானாகவே வாழும் பாக்டீரியா. பிழைத்திருக்க அதற்கு எலியும் வேண்டாம், குரங்கும் வேண்டாம், நாமும் வேண்டாம். அந்த எலியும் நம்மைப் போலவே அதனிடம் மாட்டிக்கொண்ட உயிர்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விலங்கிடம் நோய் என்ற செய்தி வந்ததும் விலங்கை விரட்டுவதுதான் நம் முதல் எண்ணம். இந்த நோயில் அது உதவாது. பாதிக்கப்பட்ட விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. விலங்குக்கு வந்திருக்கிறது என்றால், நாம் மிதிக்கும் மண்ணைக் கவனிக்க வேண்டும் என்று பொருள். 1949இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் வின்டன் என்ற ஊரில் செம்மறியாடுகளிடம் இந்த நோய் கண்டறியப்பட்டது. அந்த நாட்டில் முதன்முதலாகப் பதிவானது அதுதான். மனிதர்கள் பாதிக்கப்பட்டது அதற்குப் பிறகே தெரியவந்தது.

மண்ணே இல்லாமலும் அது வீட்டுக்குள் வரலாம் என்று 2021இல் அமெரிக்கா கற்றுக்கொண்டது. வெவ்வேறு நான்கு மாநிலங்களில் நால்வருக்கு இந்த நோய், இருவர் இறந்துபோனார்கள். யாரும் வெளிநாடு போகவில்லை. கடைசியில், இந்தியாவில் தயாரான ஒரு நறுமணத் தெளிப்பான் புட்டியில் கிருமி பிடிபட்டது. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் டெக்சஸைச் சேர்ந்த குழந்தை. அந்த வீட்டில் ரக்கூன் ஒன்றையும் வளர்த்தார்கள். அது அந்தப் புட்டியை உடைத்து, சிந்திய திரவத்தில் நடந்திருக்கிறது. சில வாரங்களில் நரம்புக் கோளாறு கண்டு இறந்தும் போனது. புதைத்த உடலைப் பின்னர் தோண்டியெடுத்துச் சோதித்தபோது அதே கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்தது.

நம் ஊர்க் கதை

கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு, இரண்டுமே எருமையின் பெயரைத் தாங்கியவை. மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரில் இருக்கும் ‘கேகே’கூட ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டகைதான். ஆற்றுநீரும் புல்லும் சேறும் நிறைந்த இடம் என்பதால்தான் மாட்டு வணிகம் இங்கே தழைத்தது. நம் முன்னோர் மாட்டோடும் சேற்றோடும் வாழ்ந்தார்கள். இன்று பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கட்டும்போது பிள்ளைகள் வரிசையில் நின்று அவற்றோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சேறு மறைந்துவிட்டது போலத் தோன்றும். கான்கிரீட்டுக்குக் கீழே, புல்வெளியில், சமூகத் தோட்டத்தில், கட்டுமானத் தளத்தில் அதே மண்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் 1989 முதல் மெலியோய்டோசிஸ், மருத்துவர்கள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. 1987க்கும் 1994க்கும் இடையில் ஆயுதப்படை வீரர்களில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு அது வந்தது. சேற்றில் ஊர்ந்து பயிற்சி செய்யும் தேசிய சேவையாளர்களின் பெற்றோருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. 2004இன் தொடக்கத்தில் கனமழைக்குப் பிறகு நோயாளிகள் திடீரென அதிகரித்தனர், உயிரிழப்பும் கூடியது. 2003 முதல் 2012 வரையிலான தகவல்களை ஆராய்ந்தவர்களும் மழைக்கும் ஈரப்பதத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். மழை, ஆழத்தில் இருக்கும் கிருமியை மேலே கொண்டுவருகிறது.

பயப்பட வேண்டாம். ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத்தான் இங்கு அது தாக்குகிறது; டெங்கியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய எண்ணிக்கை. உலக அளவில் கணக்கு வேறு. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ 165,000 பேருக்கு இந்த நோய் வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு தெற்காசியாவுக்கு. தமிழகத்தில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இந்த நோயாளிகளைப் பார்த்து, அதைப் பற்றி எழுதி வருகிறார்கள்.

சர்க்கரையும் சேறும்

உடல்நலத்தோடு இருப்பவர் சேற்றில் இறங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிருமி உள்ளே போனாலும் உடல் அதைச் சமாளித்துவிடும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களின் கதை வேறு. மெலியோய்டோசிஸ் வருவதற்கான காரணங்களில் முதலிடம் நீரிழிவுக்கு. சிறுநீரகக் கோளாறு, அளவுக்கு மீறிய மது, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை அதன் பின்னால் வருகின்றன.

2017ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி நீண்ட நேரம் பேசியது நினைவிருக்கலாம். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்கு நீரிழிவு என்று அவர் சொன்னபோது நம் வீடுகளில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாத்திரைப் பெட்டி இருக்கிறது.

எங்கள் புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் உண்டு. அங்கே கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும் வளர்க்கும் ஆன்ட்டி ஒருவரிடம் அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். வயது எழுபதுக்கு மேல். முந்திய இரவு நல்ல மழை. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாத்தியில் நின்று களை பறித்துக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, செருப்பப் போட்டுக்கக் கூடாதா?”

“சேத்துல வழுக்குது தம்பி. மண்ணுல கால் பட்டாத்தான் ஒடம்புக்கு நல்லது.”

“சுகர் எப்படி இருக்கு?”

“அது இருக்கு, அது பாட்டுக்கு. கால்தான் கொஞ்சம் மரத்துப் போகுது. இதோ பாருங்க, கட்டெறும்பு கடிச்சாக்கூடத் தெரியல.”

அவர் காட்டிய குதிகாலில் பித்தவெடிப்பு. நடுவே ஒரு விரிசல் கொஞ்சம் ஆழமாக, ஈரமண் அப்பியிருந்தது. மருந்தகத்துக்குப் போகும்போது தாதியிடம் காலைக் காட்டுங்கள் என்று சொன்னேன். “அதுக்கெல்லாமா?” என்று சிரித்தார். கொஞ்சம் வற்புறுத்திய பிறகு குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டார்.

இந்தப் பேச்சில் எல்லாமே இருக்கிறது. மழை, வெறுங்கால், வெடிப்பு, நீரிழிவு, மரத்துப்போன பாதம். வலி தெரிந்தால் காலை எடுத்துக்கொள்வோம். மரத்துப்போன காலுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது.

இன்னொரு முகமும் என் மனத்தில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவில் நாம் சந்திக்கும் தம்பிகள். மழை பெய்த மறுநாளே குழி தோண்டுவதும், வாய்க்கால் வெட்டுவதும், புல் வெட்டுவதும் அவர்களில் பலருடைய வேலை. நீரிழிவு இருப்பதே தெரியாமல் வேலை செய்பவர்களும் இருக்கலாம். உங்களிடம் வேலை செய்பவர்கள் இருந்தால், கிழிந்த பூட்ஸை மாற்றிக் கொடுங்கள். நண்பர்கள் இருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லுங்கள்.

பல வேடம் போடும் நோய்

கிருமி மூன்று வழிகளில் உள்ளே வரும். தோலில் இருக்கும் காயம், மூச்சு, அசுத்தமான நீர். வந்தபின் அது எந்த உருவத்தையும் எடுக்கும். சிலருக்குக் காய்ச்சலும் நிமோனியாவும். சிலருக்கு ஆறாத கொப்புளம். சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி. நாள்பட்டால் காசநோய் போலவே தெரியும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். ஆனால் உடலில் ஒளிந்திருந்து பல ஆண்டுகள் கழித்து எழுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்த நோய் வெளிப்பட்டதாக மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு இருக்கிறது.

வழக்கமாகக் கொடுக்கும் பல ஆண்டிபயாடிக் மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. குறைந்தது 10 முதல் 14 நாள் மருத்துவமனையில் ஊசிவழி மருந்து, பிறகு 3 முதல் 6 மாதங்கள் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். சரியான மருந்து சீக்கிரம் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக உயர்கிறது. அதனால்தான் மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் முக்கியம்: “எனக்குச் சர்க்கரை இருக்கிறது, போன வாரம் மழையில் மண்வேலை செய்தேன்.” மருத்துவரின் எண்ணம் சரியான திசையில் போக அது போதும்.

நாயும் பூனையும் ஆடும்

2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. நாய் வளர்ப்பவர்களும் பெருகிவிட்டார்கள். செல்லப் பிராணிகளுக்கு மெலியோய்டோசிஸ் வருவது அரிது. ஆடுகளுக்கும் பன்றிகளுக்கும்தான் அதிகம். ஆனாலும் சேற்றைத் தோண்டும் நாய்க்கு ஆறாத புண்ணோ, விடாத காய்ச்சலோ, காரணம் தெரியாத நொண்டலோ வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர் மருந்தைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். இந்த நோய்க்கு விலங்குக்கும் தடுப்பூசி இல்லை, மனிதருக்கும் இல்லை.

பாதிக்கப்பட்ட ஆட்டின் மடியில் நோய் இருந்தால் பாலிலும் கிருமி வரும். கடையில் வாங்கும் பதப்படுத்திய பாலுக்குக் கவலையில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ‘கறந்த சூட்டோடு குடி’ என்று யாராவது நீட்டினால், பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். புருசெல்லா போன்ற வேறு கிருமிகளுக்கும் அதே கொதிநீர்ப் பாடம்தான்.

ஒட்டுண்ணிகள் விஷயத்திலும் இந்தப் பழக்கங்கள் கைகொடுக்கும். நாய், பூனையின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவின் முட்டை ஈரமணலில் பொரிந்து, அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கும். உருளைப்புழுவின் முட்டை, கழுவாத கை வழியாகக் குழந்தையின் வாய்க்குப் போகும். செல்லப் பிராணிக்குக் காலந்தவறாமல் புழு மருந்து கொடுத்து, அதன் கழிவை உடனே அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவு செய்தால் போதும்

மழைக்குப் பிறகு மண்ணில் இறங்கும்போது மூடிய காலணி அல்லது ரப்பர் பூட்ஸ், கையில் கையுறை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குவரை துடையுங்கள். காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி. நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தை ஒரு முறை பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இடியும் மின்னலுமாகக் கொட்டும் நேரத்தில் தோட்டத்தில் நிற்க வேண்டாம்.

கோயிலுக்கு வெறுங்காலோடு போகாமல் இருக்கச் சொல்லவில்லை. தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பவர்கள், காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் காட்டுங்கள். நடந்து முடித்ததும் காலைக் கழுவிக் காயம் உண்டா என்று பாருங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

ஹாங்காங் குரங்குகளுக்குத் தங்கள் கூண்டுக்குள் யார் எந்தக் காலணியோடு வந்தார்கள் என்று கேட்க வழியில்லை. நம் வீட்டு வாசலில் இருக்கும் செருப்பு நம் கையில் இருக்கிறது. இந்த வார இறுதியில் அம்மாவையோ மாமனாரையோ பார்க்கப் போனால், தோட்டத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போங்கள். “எதுக்குடா இதெல்லாம்?” என்று கேட்பார்கள். கிருஷ்ணசாமியின் கதையைச் சொல்லுங்கள்.